எப்போதும் வெளிநாட்டுக்காரி: கத்தினா பக்ஸினூ என்ற கிரேக்க நடிகையின் வாழ்க்கை

1947ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ‘அங்கிள் சைலஸ்’ என்றொரு கறுப்பு வெள்ளைப் படம் வெளிவந்தது. பாழடைந்த மாளிகை, மெழுகுவர்த்தி வெளிச்சம், பூட்டிய அறை, பெற்றோரை இழந்த ஒரு பணக்காரப் பெண், அவள் சொத்தின் மீது கண் வைத்த சிற்றப்பன் என்று பழைய பேய்வீட்டுக் கதைகளுக்கு உரிய எல்லாமே அதில் இருக்கின்றன. அந்த இளம்பெண்ணாக நடித்தவர் ஜீன் சிமன்ஸ். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அவருக்கு அப்போது பதினெட்டு வயதுதான். கிழட்டுச் சைலஸாக நடித்த டெரிக் டி மார்னிக்கு உண்மையில் நாற்பது வயது. ஆனால் படத்தைப் பார்த்து முடித்தவர்களின் நினைவில் நிற்பது இவர்கள் இருவருமல்லர். மாளிகைக்குள் ஆசிரியை என்ற பெயரில் நுழைந்து, குடித்து, பாடி, பொய் சொல்லி, அந்தப் பெண்ணை நடுங்கவைக்கும் பிரெஞ்சுக்காரி மடாம் டி லா ரூஜியேர்தான் நினைவில் நிற்கிறாள்.

அந்தப் பிரெஞ்சுக்காரியாக நடித்தவர் பிரெஞ்சுக்காரி அல்லர். அவர் பெயர் கத்தினா பக்ஸினூ. ஏதென்ஸ் தேசிய நாடக அரங்கின் முதன்மை நடிகை. மூன்று வருடங்களுக்கு முன்னர்தான் அமெரிக்காவில் ஒஸ்கார் விருது வாங்கியவர். போர் வந்து வீட்டுக் கதவை மூடியதால் ஏறக்குறையப் பத்து வருடங்கள் மற்றவர்களின் மொழியில் நடித்துப் பிழைத்தவர். புலம்பெயர்ந்த குடும்பங்களில் உள்ள நாம் அறிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு வாழ்க்கை அவருடையது.

முதலில் படத்தின் மூலக்கதையைச் சொல்லிவிடுகிறேன். அது அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு 1864இல் வெளியிட்ட நாவல். லெ ஃபானு 1814இல் டப்ளினில் பிறந்தவர். மதத்தின் பெயரால் பிரான்சில் துன்புறுத்தப்பட்டுத் தப்பி ஓடிய ஹியூகனொட் மக்களின் வழியில் வந்தது அவருடைய குடும்பம். இந்தக் கதையை அவர் இளமையில் ஒரு சிறுகதையாக எழுதியபோது அது அயர்லாந்தில்தான் நடந்தது. கதை நாவலாக வளர்ந்த காலத்தில் அவருடைய லண்டன் பதிப்பாளர் ஆங்கில மண்ணில் நடக்கும் கதைகளையே கேட்டதால், மாளிகையை அப்படியே தூக்கி இங்கிலாந்தின் டெர்பிஷயர் பக்கம் வைத்துவிட்டார். ஊரை மாற்றினாலும் பயத்தை மாற்றவில்லை. தகப்பன் இறக்கிறார். உயில்படி மகள், கெட்ட பெயர் எடுத்த சிற்றப்பனின் பொறுப்புக்குப் போகிறாள். அவள் உரிய வயதை அடையுமுன் இறந்தால் சொத்து முழுவதும் சிற்றப்பனுக்கு. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை வாசகர் ஊகித்துவிடலாம். கடைசியில் அந்தப் பெண்ணுக்காக வைத்த மயக்க மருந்தைப் பிரெஞ்சுக்காரியே குடித்துவிட்டு அவளுடைய கட்டிலில் தூங்கிப் போகிறாள். இருட்டில் வந்த கொலைகாரன் ஆள் மாறிக் கொல்கிறான்.

கூலிக்கு வேலை செய்த வெளிநாட்டுக்காரி, மற்றவர்களின் சொத்துச் சண்டையில், மற்றவளுடைய கட்டிலில் இறக்கிறாள். அந்த வேடம் ஏன் பக்ஸினூவிடம் வந்தது என்பதை அறிய அவருடைய பிறந்த ஊருக்குப் போகவேண்டும்.

கத்தினா கொன்ஸ்தந்தொபூலு 1900ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிரேயஸில் பிறந்தார். பிரேயஸ் என்பது ஏதென்ஸின் துறைமுகம். அவருக்கு இருபத்தோரு வயதாக இருந்தபோது, 1922இல், ஆசியா மைனரில் கிரேக்கப் படை தோற்று ஸ்மிர்னா நகரம் எரிந்தது. அங்கிருந்து விரட்டப்பட்ட கிரேக்கர்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கிய துறைமுகங்களில் பிரேயஸ் முக்கியமானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் அந்தச் சிறிய நாட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தைச் சுற்றித் தகரக் கொட்டில்களில் புதிய குடியிருப்புகள் முளைத்தன. அகதி என்ற சொல் அந்த ஊர்க்காரர்களுக்கு அன்றாடச் சொல்லாகிவிட்டது.

கத்தினாவின் வீடு வசதியான வீடு. அவரை ஜெனீவாவுக்கு அனுப்பி இசை படிப்பித்தார்கள். அவருடைய குரல் ஆழமானது, கனமானது. பாடகியாகத்தான் அவர் தொடங்கினார். திமித்ரி மித்ரோபூலோஸ் என்ற இளம் இசையமைப்பாளர் எழுதிய ‘சகோதரி பியாட்ரிஸ்’ என்ற இசைநாடகத்தில் 1920இல் தலைமைப் பாத்திரம் பாடினார். அந்த மித்ரோபூலோஸ்தான் பின்னர் அமெரிக்கா சென்று நியூயோர்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவையே நடத்தியவர். இளம் வயதிலேயே கத்தினா யொவானிஸ் பக்ஸினோஸ் என்பவரை மணந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் நிலைத்தது. கிரேக்க வழக்கப்படி கணவர் பக்ஸினோஸ் என்றால் மனைவி பக்ஸினூ.

பாட்டிலிருந்து அவர் நாடகத்துக்கு வந்தது இருபதுகளின் கடைசியில். அப்போது ஏதென்ஸ் மேடையின் அரசியாக இருந்த மரீக்கா கொத்தொபூலியின் குழுவில் சேர்ந்தார். பிறகு அலெக்ஸிஸ் மினோட்டிஸ் என்ற கிரீட் தீவுக்கார நடிகரோடு ஒரே மேடையில் நடிக்கத் தொடங்கினார். யூஜின் ஓ நீல் என்ற அமெரிக்க நாடகாசிரியரைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்து மேடையேற்றியவர்களில் பக்ஸினூவும் ஒருவர். 1932இல் தேசிய நாடக அரங்கு தன் கதவைத் திறந்தபோது முதல் அணியிலேயே அவர் இருந்தார்.

அந்தக் காலத்துக் கிரேக்க நாடகக்காரர்களின் முன் ஒரு பெரிய கேள்வி இருந்தது. சோபோக்கிளிஸையும் யூரிப்பிடிஸையும் உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் படிக்கின்றன. ஆனால் அந்த நாடகங்களை இன்றைய கிரேக்கத்தில், இன்றைய சனங்கள் விளங்கிக்கொள்ளும் பேச்சில் ஆடமுடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் இயக்குநர் திமித்ரிஸ் ரொன்திரிஸ். 1938 செப்டெம்பரில் எபிதாவ்ரொஸ் என்ற இடத்தில், இரண்டாயிரத்து முந்நூறு வருடப் பழைமையான கல் அரங்கில், அவர் சோபோக்கிளிஸின் ‘எலெக்ட்ரா’வை மேடையேற்றினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய அந்த அரங்கில் நவீன காலத்தில் நடந்த முதல் நாடகம் அதுதான். ஒலிபெருக்கி கிடையாது. மேலே கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பவருக்கும் மூச்சுக் கேட்கவேண்டும். எலெக்ட்ராவாக நின்றவர் பக்ஸினூ. அவருக்கு எதிரே தாய் கிளிட்டெம்னெஸ்ட்ராவாக நின்றவர் எலெனி பாபதாக்கி. அந்தத் தலைமுறையின் இரண்டு பெரிய நடிகைகள். பாபதாக்கியின் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்த வருடம், 1939 கோடையில், தேசிய நாடக அரங்கு ‘எலெக்ட்ரா’வையும் ‘ஹம்லெட்’டையும் எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்தது. கிரேக்க மொழியிலேயே ஆடினார்கள். சபையில் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் பக்ஸினூ என்ற பெயர் லண்டன் நாடக வட்டாரத்தில் பதிந்துவிட்டது. அந்தப் பதிவுதான் அவருக்கு மீண்டும் லண்டனில் இடம் தேடித் தந்தது. இப்சனின் ‘பேய்கள்’ நாடகத்தில் நடிக்க, இம்முறை ஆங்கிலத்தில், தனியாக வந்தார். 1940இல் அவரும் மினோட்டிஸும் மணம் முடித்தார்கள்.

அதன் பின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1940 ஒக்டோபர் 28இல் இத்தாலி கிரேக்கத்தின் மீது படையெடுத்தது. 1941 ஏப்ரல் 6ஆம் திகதி ஜேர்மனி உள்ளே வந்தது. அன்றிரவே ஜேர்மன் விமானங்கள் பிரேயஸ் துறைமுகத்தில் குண்டு போட்டன. வெடிமருந்து ஏற்றி நின்ற ‘கிளான் ஃபிரேசர்’ என்ற கப்பல் வெடித்துச் சிதறியதில் துறைமுகமே நாசமானது. அவர் பிறந்த ஊர் அது. ஏப்ரல் 27இல் ஏதென்ஸ் விழுந்தது. லண்டனும் அந்த மாதங்களில் குண்டுக்குள்தான் இருந்தது. திரும்பிப் போக நாடில்லாமல் பக்ஸினூ 1941இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குப் போனார்.

அந்த முதல் குளிர்காலம் கிரேக்கத்துக்கு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் அவருடைய அமெரிக்க வாழ்க்கையைச் சொல்லமுடியாது. ஆக்கிரமிப்பாளர்கள் உணவை அள்ளிக்கொண்டார்கள். பிரித்தானியக் கடற்படை வெளியிலிருந்து வரும் தானியத்தை மறித்தது. ஏதென்ஸிலும் பிரேயஸிலும் பல்லாயிரம் பேர் பட்டினியில் மாண்டார்கள். காலையில் தள்ளுவண்டிகள் தெருவில் கிடந்த உடல்களைச் சேகரித்துச் சென்றன. அதே குளிர்காலத்தில், 1942 ஜனவரியில், பக்ஸினூ நியூயோர்க்கில் இப்சனின் ‘ஹெட்டா காப்ளர்’ நாடகத்தில் ஆங்கிலம் பேசி நடித்துக்கொண்டிருந்தார். நாடகம் நீண்ட நாள் ஓடவில்லை. நாற்பத்தொரு வயதுப் பெண், அந்நிய மொழி, தலைக்குமேல் கூரை வேண்டும். வெளிநாட்டில் முதல் இரண்டு குளிர்காலங்கள் எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அவரைக் காப்பாற்றியது ஒரு ஸ்பானியக் கிழவி. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘யாருக்காக மணி ஒலிக்கிறது’ நாவலை பரமவுண்ட் நிறுவனம் படமாக எடுத்தது. கரி கூப்பரும் இங்கிரிட் பேர்க்மனும் காதலர்கள். மலைக்குகையில் மறைந்திருக்கும் கெரில்லாக் குழுவைத் தாங்கிப் பிடிக்கும் பிலார் என்ற பெண் பாத்திரம் பக்ஸினூவுக்குக் கிடைத்தது. அந்தக் குகைக்குள் இருந்தவர்களைக் கவனித்துப் பாருங்கள். பிலாரின் கணவன் பப்லோவாக வருபவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த அக்கிம் டமிரோஃப். வழிகாட்டிக் கிழவன் அன்செல்மோவாக வருபவர் மொஸ்கோவில் பிறந்த விளாடிமிர் சொக்கொலோஃப். இன்னொரு குழுவின் தலைவராக வருபவர் மால்டா தீவைச் சேர்ந்த ஜோசப் கலேயா. ஸ்பெயின் பெண்ணாக வரும் பேர்க்மன் சுவீடன்காரி. நாட்டை விட்டு வந்தவர்கள் எல்லோரையும் ஹொலிவூட் ஒரே குகைக்குள் போட்டு ஸ்பானியர்கள் என்று சொல்லிவிட்டது. அமெரிக்கக் காதுக்கு எல்லா உச்சரிப்பும் ஒன்றுதான்.

ஆனால் பிலாராகப் பக்ஸினூ கணவனிடமிருந்து குழுவின் தலைமையைப் பறிக்கும் காட்சியில், நாட்டைப் பறிகொடுத்த ஒருத்தியின் கோபம் இருக்கிறது. அந்தப் படத்துக்கு ஒன்பது ஒஸ்கார் பரிந்துரைகள் கிடைத்தன. வென்றது ஒன்றே ஒன்று, சிறந்த துணை நடிகைக்கான பக்ஸினூவின் விருது. ஒஸ்கார் வாங்கிய முதல் கிரேக்கர் அவர். 1944 மார்ச் 2ஆம் திகதி ஹொலிவூட்டின் சைனீஸ் தியேட்டரில் அந்த விழா நடந்தது. அதுவரை துணை நடிகர்களுக்குச் சிறிய பலகைதான் கொடுத்தார்கள். முழுச் சிலை கொடுக்கத் தொடங்கியது அந்த வருடத்தில்தான்.

மேடையில் ஏறிய பக்ஸினூ அந்த விருதை ஏதென்ஸில் இருந்த தன் நாடக அரங்கத் தோழர்களின் பெயரில் ஏற்றுக்கொண்டார். அவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கவேண்டும் என்று விரும்பினார். அப்போது ஏதென்ஸ் இன்னும் ஜேர்மனியரின் கையில். கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று தெரியாது. விருது மேடையில் நிற்கும்போது அந்தக் கணக்குத்தான் மனத்தில் ஓடியிருக்கிறது.

அந்தக் கணக்கின் விடை ஒன்பது மாதங்களில் வந்தது. 1944 ஒக்டோபரில் ஜேர்மனியர் ஏதென்ஸை விட்டு வெளியேறினார்கள். விடுதலையின் மகிழ்ச்சி இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. டிசம்பரில் இடதுசாரி எதிர்ப்புப் படைக்கும், அரசாங்கத்தோடு சேர்ந்து நின்ற பிரித்தானியப் படைக்கும் இடையே ஏதென்ஸ் தெருக்களில் போர் மூண்டது. அந்தக் குழப்பத்தில் டிசம்பர் 21ஆம் திகதி எலெனி பாபதாக்கியை ஆயுதம் தாங்கிய இடதுசாரிகள் பிடித்துச் சென்று கொன்றார்கள். ஆக்கிரமிப்புக் காலப் பிரதமரோடு அவருக்கு நட்பு இருந்தது என்பது குற்றச்சாட்டு. அதற்கு முன்பே நடிகர் சங்கம் அவரை விலக்கி வைத்திருந்தது. விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. அந்த நட்பினால் பல பேரின் உயிரை அவர் காப்பாற்றினார் என்று பின்னர் சொன்னவர்கள் இருந்தார்கள். இறந்தவருக்கு அது எட்டவில்லை.

எபிதாவ்ரொஸ் கல் அரங்கில் தாயும் மகளுமாக எதிரெதிரே நின்ற இரண்டு பேர். ஒருத்தி அட்லாண்டிக்கைத் தாண்டினாள், பட்டினியையும் பார்க்கவில்லை, ஆள்காட்டியையும் பார்க்கவில்லை, சிலை வாங்கினாள். மற்றவள் ஊரில் இருந்தாள். ஆறு வருடங்கள் சற்றே கடந்தபோது அந்த மேடையில் மிஞ்சியது பாதி. போனவர் தப்பினார், இருந்தவர் இறந்தார் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் போனவரின் மனத்துக்குள் அது ஒரு வரியில் முடிந்திராது.

போர் முடிந்தும் பக்ஸினூவால் உடனே திரும்ப முடியவில்லை. 1946இல் கிரேக்கத்தில் முழு உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. மினோட்டிஸும் அமெரிக்கா வந்து சேர்ந்திருந்தார். ஏதென்ஸில் ஹம்லெட்டாக நடித்த அந்த மனிதருக்கு ஹொலிவூட்டில் கிடைத்தது என்ன தெரியுமா? ஹிட்ச்கொக்கின் ‘நொட்டோரியஸ்’ படத்தில் வீட்டு வேலைக்காரர் ஜோசப். கதவைத் திறப்பார், தட்டை ஏந்துவார், ஓரிரு வார்த்தை பேசுவார். ஊரில் ஆசிரியராகவும் பொறியியலாளராகவும் இருந்து, வந்த இடத்தில் பெற்றோல் நிலையத்தில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இராது.

இந்த நிலையில்தான் பக்ஸினூ மீண்டும் இங்கிலாந்து வந்து ‘அங்கிள் சைலஸ்’ படத்தில் நடித்தார். இயக்குநர் சார்ள்ஸ் ஃபிராங். ஒளிப்பதிவாளர்களில் ஒருவர் ரொபர்ட் கிராஸ்கர், பின்னர் ‘மூன்றாம் மனிதன்’ படத்துக்காக ஒஸ்கார் வாங்கியவர். வளைந்த கூரைகள், நீளும் நிழல்கள், முகத்துக்கு மிக அருகில் வரும் கமரா என்று படம் முழுவதும் ஒரு கெட்ட கனவுபோல இருக்கும். அதற்குள் பக்ஸினூ சிறிதும் அடக்கம் இல்லாமல் நடிக்கிறார். கண்ணை உருட்டுகிறார், வாயைக் கோணுகிறார், தள்ளாடுகிறார், சிரிக்கிறார். இன்றைக்குப் பார்ப்பவர்கள் இது மிகை நடிப்பு என்று சொல்லக்கூடும். அதில் உண்மையும் உண்டு. பத்தாயிரம் பேருக்கு மூச்சுக் கேட்கவேண்டும் என்று பழகிய உடம்பு அது. ஆங்கிலேய நடிகர்கள் வரவேற்பறையில் பேசுவதுபோல் பேசும்போது அவர் மட்டும் கல் அரங்கில் நிற்பவர்போல் நிற்கிறார்.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்தப் படத்தில் மற்ற எல்லோருக்கும் வீடு இருக்கிறது, பெயர் இருக்கிறது, உயில் இருக்கிறது. கெட்டவனான சைலஸுக்குக்கூடப் பரம்பரை இருக்கிறது. பிரெஞ்சுக்காரிக்கு எதுவும் இல்லை. எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய உச்சரிப்பே அவள் குற்றம். வந்தவளைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முகம் சுளிப்பதை அந்தக் காலத்து வாசகரும் பார்வையாளரும் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். லெ ஃபானு எழுதியதும் அப்படித்தான். பக்ஸினூ அந்தப் பாத்திரத்தை நல்லவளாக்க முயலவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு பசியைக் கொடுத்தார். கிடைத்ததை உடனே குடித்துவிடவேண்டும், கிடைத்த இடத்தில் தூங்கிவிடவேண்டும், நாளைக்கு இது இருக்குமோ தெரியாது என்ற பசி. அந்தப் பசிதான் கடைசியில் அவளைக் கொல்கிறது. பேய்வீட்டுக் கதையில் என்னைப் பயப்படுத்தியது அந்த இடம்தான்.

அதே 1947இல் ஓ நீலின் ‘மோர்னிங் பிகம்ஸ் எலெக்ட்ரா’ படமாக வந்தது. கிரேக்கத்தின் எலெக்ட்ரா கதையை அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துக்கு மாற்றிய நாடகம் அது. எபிதாவ்ரொஸில் எலெக்ட்ராவாக நின்ற பக்ஸினூ இதில் கிளிட்டெம்னெஸ்ட்ராவுக்கு நிகரான தாய். பாபதாக்கி ஏற்ற இடம். தன் முன்னோரின் கதையை அமெரிக்கச் சட்டை போட்டு, ஆங்கிலத்தில், தன் உச்சரிப்போடு அவர் பேசினார். படம் ஓடவில்லை.

1949இல் கிரேக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. 1950இல் பக்ஸினூவும் மினோட்டிஸும் ஊர் திரும்பி மீண்டும் தேசிய நாடக அரங்கில் சேர்ந்தார்கள். ஒரு விடயத்தை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. எல்லோருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. போரில் தோற்ற இடதுசாரித் தரப்பினர் பல்லாயிரக் கணக்கில் அல்பேனியா வழியாகவும் யூகோஸ்லாவியா வழியாகவும் வெளியேறி, உஸ்பெகிஸ்தானின் தாஷ்கந்த் வரை சிதறினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வருவதற்கு எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளும் ஆகின. பலர் அங்கேயே மண்ணோடு மண்ணானார்கள். திரும்பக்கூடிய தரப்பில் பக்ஸினூ இருந்தார் என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

கையில் ஒஸ்கார், அமெரிக்காவில் பெயர். ஐம்பது வயதில் அதை விட்டுப் போரில் இடிந்த ஒரு நகரத்துக்கு ஏன் திரும்பவேண்டும்? அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. ஆங்கிலப் படங்கள் அவருக்குக் கொடுத்த பாத்திரங்களில் பெரும்பாலானவை ஒரே பெண்ணின் பல வேடங்கள்தான். ஸ்பானியக்காரி, பிரெஞ்சுக்காரி, இத்தாலிக்காரி, எப்போதும் வெளிநாட்டுக்காரி. கிரேக்க மேடையில் மட்டும்தான் அவர் வெளிநாட்டுக்காரி அல்லர். அங்கேதான் அவர் ராணி, தாய், மகள், கொலைகாரி, பைத்தியக்காரி என்று எதுவாகவும் இருக்கமுடியும். ஓர் உச்சரிப்புக்குள் அடைபடாமல் முழு மனுசியாக இருக்கமுடியும்.

1952இல் தேசிய நாடக அரங்கு நியூயோர்க்குக்கே வந்தது. ‘இடிப்பஸ்’, ‘எலெக்ட்ரா’ இரண்டையும் கிரேக்க மொழியில் ஆடினார்கள். பத்து வருடங்களுக்கு முன் அதே நகரத்தில் ஆங்கிலத்தில் தோற்ற நடிகை, இப்போது தன் மொழியில், தன் குழுவோடு. அடுத்து வந்த 1955ஆம் ஆண்டு கோடையில் எபிதாவ்ரொஸ் விழா முறையாகத் தொடங்கியது. இன்றுவரை ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் விழா அது. அந்த வருடம் மினோட்டிஸ் இயக்கிய யூரிப்பிடிஸின் ‘ஹெகுபா’வில் தலைமைப் பாத்திரம் பக்ஸினூவுக்கு. ஹெகுபா யார்? எரிந்துபோன ட்ரோய் நகரத்தின் ராணி. கணவன் இறந்துவிட்டான். மகளைப் பலியிடுகிறார்கள். பாதுகாப்புக்காக வெளிநாட்டில் ஒரு நண்பனிடம் அனுப்பிவைத்த கடைசி மகன், அந்த நண்பனாலேயே பொன்னுக்காகக் கொல்லப்பட்டுக் கடலில் மிதக்கிறான். கடற்கரைக் கூடாரத்தில் கிழவியாக, கைதியாக நின்று அவள் நியாயம் கேட்கிறாள். பஞ்சமும் போரும் கண்ட சனங்கள் அந்தக் கற்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அதே கல்லில், பதினேழு வருடங்களுக்குப் பிறகு, அதே குரல்.

வெளிநாட்டுப் படங்களை அவர் அடியோடு விட்டுவிடவில்லை. 1960இல் இத்தாலிய இயக்குநர் லூகினோ விஸ்கொன்டியின் ‘ரொக்கோவும் அவன் சகோதரர்களும்’ வந்தது. இத்தாலியின் வறண்ட தெற்கிலிருந்து ஒரு விதவைத் தாய், கறுப்பு உடையோடு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ரயிலில் வடக்கே மிலானுக்கு வந்திறங்குகிறாள். மூத்தவன் ஏற்கெனவே அங்கே இருக்கிறான். பிள்ளைகள் முன்னேறவேண்டும் என்றுதான் வந்தாள். நகரம் ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு திசையில் இழுத்துக்கொண்டு போகிறது. ஒருவன் குத்துச்சண்டையில், ஒருவன் தொழிற்சாலையில், ஒருவன் சீரழிவில். தாய் ரொசாரியாவாக வருபவர் பக்ஸினூ. கத்துகிறாள், பெருமைப்படுகிறாள், கண்ணை மூடிக்கொள்கிறாள். நம் குடும்பங்களில் யாராவது இன்னும் பார்க்காமல் இருந்தால், ‘அங்கிள் சைலஸ்’ படத்துக்கு முன்னர் இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே நாட்டுக்குள் இடம்பெயர்ந்த குடும்பத்தின் கதைதான். ஆனால் அந்தத் தாயின் முகத்தில் எல்லை கடந்தவர்களும் தங்கள் வீட்டைக் காண்பார்கள்.

கடைசி வருடங்களும் அமைதியாகக் கழியவில்லை. 1967 ஏப்ரலில் கிரேக்க இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பக்ஸினூவும் மினோட்டிஸும் தேசிய நாடக அரங்கை விட்டு விலகிச் சொந்தக் குழு நடத்தினார்கள். எழுபது வயதில் அவர் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தில் நடித்தார். போரில் வண்டி இழுத்து வியாபாரம் செய்து, போருக்கே ஒவ்வொரு பிள்ளையாகப் பறிகொடுக்கும் தாய். இம்முறை நாட்டை விட்டு அவர் போகவில்லை. 1973 பெப்ரவரி 22ஆம் திகதி, புற்றுநோயால், ஏதென்ஸில் இறந்தார். இராணுவ ஆட்சி விழுந்தது அடுத்த வருடம் ஜூலையில். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. மினோட்டிஸ் 1990 வரை வாழ்ந்தார். இருவரும் ஏதென்ஸின் முதலாம் மயானத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

பக்ஸினூவின் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருவது ஒஸ்கார்தான். அது நியாயமும்கூட. பட்டினி கிடந்த ஒரு நாட்டின் பெயரை அந்த இரவில் உலகத்தின் காதில் போட்டவர் அவர். ஆனால் அந்தச் சிலை கிடைத்தது அவருடைய உச்சரிப்புக்கு. குரல் முழுவதும் கேட்டது எபிதாவ்ரொஸ் கல்லில், தன் மொழியில்தான். வெளிநாட்டில் அவர் வெற்றி பெற்றார், அதற்கு நன்றியும் சொன்னார். ஆனாலும் வெற்றியையும் வீட்டையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை.

‘அங்கிள் சைலஸ்’ படத்தைப் பார்க்க நேர்ந்தால் அந்தப் பிரெஞ்சுக்காரி வரும் இடங்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்நிய மாளிகையின் இருட்டில் தள்ளாடிக்கொண்டு பாடுகிறவள், தன் ஊர் மேடையில் எலெக்ட்ராவாக நின்றவள். வேலை தேடி வந்த இடத்தில் நம்மை எந்த வேடத்தில் பார்க்கிறார்களோ, அதற்குப் பின்னால் நமக்கென்று ஒரு மேடை இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியவர்கள் நாம்தான்.